தண்டவாளமும் டிராக்டரும்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் இரயில் பாதையின் ஜாதகமே விசித்திரமானது. 1928-ம் வருஷத்தில் அது திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் மறுபடியும் போட்டார்கள். 2010 டிசம்பர் மாதக் கடைசியில், அகலப் பாதையாக்குவதற்கென்று வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு இரயில் திரும்பியது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூன் மாதத்தில்.

இடையில் கழிந்த அந்தப் பதினோரு வருஷங்கள்தாம் நமக்குக் கவலை தருகின்றன. அந்தக் காலத்தில் டிராக்டர் ஓட்டப் பழகிய வாலிபன் இரயில் வராத கேட்டையே கண்டு வளர்ந்தவன். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கத்தாருக்கோ அந்தப் பழக்கமும் இல்லை. அவர்கள் ஊர்களுக்கு இரயிலே கிடையாது. பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் உழவுக்கும் அறுவடைக்கும் இன்று யந்திரமே துணை. அந்த யந்திரம் வாடகைக்குத் தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வரும்போதுதான் ஓட்டுகிறவர் தண்டவாளத்தைச் சந்திக்கிறார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கணக்குப் போடுவதுண்டு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். தண்டவாளத்துக்குச் சற்று முன்னே நிற்கும் வண்டி, வால் உட்பட முழுதும் அப்பால் போய்ச் சேர 20 மீட்டராவது நகர வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் அதற்குப் பதினான்கு விநாடிக்கு மேல் ஆகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில் அதற்குள் 400 மீட்டர் வந்துவிடும்! டிரைவர் பிரேக் போட்டாலும் அந்த வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். பழைய மீட்டர் பாதை வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு, "அதோ தூரத்தில்தானே வருகிறது" என்று மதிப்பிடுவது எவ்வளவு பெரிய பிசகு என்பது கணக்கு முடியுமுன்பே பிள்ளைகளுக்கு விளங்கி விடுகிறது. பெரியவர்களுக்குத்தான் சற்றுத் தாமதமாகிறது.

காரில் போகிறவருக்கு ஹாரன் சத்தம் காதில் விழக்கூடும். டிராக்டர்க்காரருக்கு இஞ்சின் இரைச்சல் ஒரு புறம், பாட்டுப் பெட்டியின் முழக்கம் மறு புறம். ஆகவே கேட்டை நெருங்கும்போதே பாட்டை நிறுத்திவிட வேண்டும். தாழ்ந்த கியரைத் தண்டவாளத்துக்கு முன்பே போட்டுக்கொண்டு, நடுவில் மாற்றாமல் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். எதிர்ப்புறத்தில் வண்டிகள் தேங்கி நின்றால், டிரெய்லரின் வாலுக்கும் அங்கே இடமுண்டு என்று தெரிந்த பிறகே ஏற வேண்டும். டிரெய்லர்க் கொண்டியையும் பின்னையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது உத்தமம். தண்டவாளத்தின் மேல் அது கழன்றால் என்ன செய்வது?

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு, காவலில்லாத கடவில் வண்டியை நிறுத்தி, உடன் வந்தவர் இறங்கி நடந்து போய் இரு பக்கமும் பார்த்து வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது. உடன் யாரும் இல்லையென்றால் ஓட்டுகிறவரே இறங்கிப் பார்க்க வேண்டும். அகலப் பாதையில் காவலில்லாத கடவுகளை 2019 ஜனவரியோடு ஒழித்துவிட்டார்கள். எனினும் அந்த விதியைக் காவலுள்ள கேட்டிலும் அனுசரிப்பதில் நஷ்டமில்லை என்பது நம் அபிப்பிராயம். 2025 ஜூலை 8-ந் தேதி கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் இரயில் மோதிய பள்ளி வேனில் மூன்று குழந்தைகள் மாண்டார்கள். அது காவலுள்ள கேட்தான். ஆனால் சிக்னலோடு பிணைக்கப்படாதது.

பிணைக்கப்பட்ட கேட்டில் கதவு பூட்டிய பின்னரே இரயிலுக்குப் பச்சை விளக்கு எரியும். இரயில் போகாமல் கதவைத் திறக்க வழியில்லை. "ஒரு நிமிஷம் திறந்துவிடு, அண்ணே!" என்று கேட்டுக்காரரிடம் மன்றாடுவதும், மறுத்தால் அவரை ஏசுவதும் நியாயமாகாது. கேட்டை உடைத்தால் இரயில்வேச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறைவாசமுண்டு.

வண்டி தண்டவாளத்தில் அகப்பட்டுக்கொண்டால்? முதலில் டிரெய்லரில் இருக்கும் கூலியாட்களை இறக்கிவிட வேண்டும். உடனே கேட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவரிடம் சிவப்புக் கொடியும், தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் பட்டு வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடிகளும் உண்டு. இரயில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அதே திசையில் முன்னே ஓடலாகாது. சிதறும் இரும்பெல்லாம் அப்பக்கந்தான் பறக்கும். பாதையை விட்டு விலகி, இரயில் வரும் திக்கை நோக்கிச் சாய்வாக ஓட வேண்டும். டிராக்டருக்குக் கடன் தவணை பாக்கியிருக்கலாம். அதற்காக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை யார் காப்பாற்ற முடியும்?

கேட்டுக்குப் பதிலாகப் பல இடங்களில் தாழ்வான சுரங்கப்பாதை வெட்டுகிறார்கள். அதில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. அறுவடை யந்திரமும் வைக்கோல் பாரமும் நுழைவதில்லை. அதிகாரிகள் பாதை வகுக்குமுன் உழவரையும் ஒரு வார்த்தை கேட்டால் நன்று. அதுவரை அந்தப் பாரமெல்லாம் கேட்டுக்குத்தான் வரும். மின்சார இரயில் ஓடும் பாதையானால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. அதைத் தொட வேண்டுவதில்லை. கிட்டப் போனாலே தாவிப் பிடித்துவிடும். ஆகையால் வைக்கோல் போரின் உச்சியில் உட்கார்ந்து வரும் ஆசாமி கேட்டுக்கு முன்பே இறங்கி நடந்து தாண்டட்டும். அப்பால் போய் மறுபடி ஏறாமலே வந்தால் இன்னும் நல்லது.