ஹேண்ட் பிரேக்கின் சூட்சுமம்

போச்சம்பள்ளி அன்பர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் தம்முடைய பழைய மாருதி ஆம்னி வானில் ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு தூக்கினாலும் வண்டி மேட்டில் நிற்பதில்லை என்றும், கேபிளை மேலும் மேலும் இறுக்கியதில் இப்பொழுது பின்சக்கரம் கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். 1984இல் வந்து 2019இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டி, நம் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாங்காய்க் கூடை முதல் கல்யாணச் சீர்வரிசை வரை இன்றும் சுமந்துகொண்டிருப்பதால், இந்தச் சங்கடம் பலருக்கும் பொதுவானது.

பெடலை மிதித்தால் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களும் அகன்று அதன் உட்சுவரை அழுத்தும் என்பது யாவரும் அறிந்ததே. எனக்குத் தீராத வியப்பைத் தருவது அடுத்து நிகழும் காரியம். 1902இல் பிரான்சு தேசத்து லூயி ரெனோ காப்புரிமை பெற்ற காலந்தொட்டு டிரம் பிரேக்கில் இந்த விசேஷம் உண்டு: சுழலும் டிரம், தன்னை எதிர்த்து நிற்கும் முன் ஷூவைத் தானே உள்ளிழுத்துக்கொண்டு, நாம் கொடுத்த பலத்துக்கு மேலாகத் தன்னைத் தானே பற்றிக்கொள்கிறது; பின் ஷூவையோ சற்று விலக்கித் தள்ளுகிறது. ஆடிக் காற்றில் எங்கள் வீட்டுக் கதவின் அடியில் செருகும் ஆப்பு, காற்று தள்ளத் தள்ள இறுகி, எதிர்ப்புறம் இழுத்தால் நெகிழ்ந்துவிடுவது போன்றதே இது. வண்டி பின்னோக்கி உருள முற்பட்டால் இரண்டு ஷூக்களும் தம் பாத்திரங்களை மாற்றிக்கொள்கின்றன. ஏற்றத்தில் முகம் வைத்து நிறுத்திய வானை, ஓட்டத்தில் அதிகம் உழைக்காத பின் ஷூவே பெரிதும் தாங்குகிறது.

ஹேண்ட் பிரேக்குக்கென்று தனி யந்திரம் கிடையாது. கேபிள் இழுப்பதும் இதே ஷூக்களைத்தான். ஷூக்களின் மேலுள்ள லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி பெருகி, நெம்புகோல் மேலே மேலே வருகிறது. அந்நிலையில் கேபிளை மட்டும் இறுக்கினால் ஷூ தன் இருப்பிடத்துக்கு முழுதும் திரும்பாமல் உரசி உரசிச் சுடும். ஆகவே முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, முதலில் கேபிளைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு டிரம்மைக் கழற்றி லைனிங்கின் கனத்தையும், வீல் சிலிண்டரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்பதையும் பார்த்து, டிரம்மை மீண்டும் மாட்டி, அந்த இடைவெளியைத் திருத்தும் அட்ஜஸ்டரைச் சீராக்க வேண்டும். கையால் அட்ஜஸ்டரைத் திருப்பும் பழைய வான்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை அதன் பல்சக்கரத்தைத் திருப்பி, பெடலை ஒருமுறை மிதித்து ஷூக்களை நடுவில் அமர்த்தி, சக்கரம் மெல்லிய உரசலோடு தாராளமாகச் சுழலுமளவு பின்வாங்குவார்கள். கேபிளைத் தொடுவது இவை யாவும் முடிந்த பிறகே. தானே சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டிக்கும் வரிசை இதுதான்.

இவ்வளவு எளிய காரியத்தை அலட்சியம் செய்துவிட்டு, சக்கரத்தடியில் கல்லை உருட்டி வைப்பதே நம்மிடையே வழக்கமாகிவிட்டது; போகும்போது அந்தக் கல்லை நடுச்சாலையில் விட்டுச் செல்வதோ, இருட்டில் பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரருக்கு இழைக்கும் அநியாயம். பட்டறை நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. டிரம்மைத் திறந்ததும் காற்றுக்குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.