மின் உற்பத்தித் திறனில் பாதி `பசுமை'தான்... ஆனாலும் நிலக்கரி எரிவது ஏன்?

மாலை 7 மணி. ஆபீஸ், ஸ்கூல், டியூஷன் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் லைட், ஃபேன், டி.வி, மிக்ஸி, ஏ.சி என வரிசையாக ஆன் செய்கிறோம். அதே நேரத்தில்தான் சூரியனும் மறைகிறது. பருவநிலை மாற்றத்தைத் தடுக்க, இந்தியா உலகத்துக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதியின் பெரிய சிக்கலே இந்த 7 மணியில்தான் இருக்கிறது.

என்ன வாக்குறுதி?

2015-ல் உருவான பாரிஸ் ஒப்பந்தப்படி, ஒவ்வொரு நாடும் தனக்கான இலக்கைத் தானே நிர்ணயிக்க வேண்டும். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். தவறினால் அபராதம் எதுவும் கிடையாது.

2022 ஆகஸ்ட்டில் இந்தியா தன் இலக்குகளை உயர்த்தியது. அதன்படி, 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் 50 சதவிகிதம் நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத வழிகளில் இருக்க வேண்டும். பொருளாதாரத்தின் `உமிழ்வுச் செறிவு' 2005-ஐவிட 45 சதவிகிதம் குறைய வேண்டும். இவைபோக, 2070-ல் `நெட் ஜீரோ' என்பது நீண்டகால இலக்கு.

அதென்ன உமிழ்வுச் செறிவு?

ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 20,000 ரூபாய். பெட்ரோலுக்கு 2,000 ரூபாய், அதாவது 10 சதவிகிதம் செலவாகிறது. சில வருடங்களில் வருமானம் 1 லட்சமாகிறது, பெட்ரோல் செலவு 5,500 ரூபாயாகிறது. இப்போது அது வருமானத்தில் 5.5 சதவிகிதம்தான். பங்கு 45 சதவிகிதம் குறைந்துவிட்டது. ஆனால், எரித்த பெட்ரோல் குறையவில்லையே!

நாட்டின் கணக்கும் இதுதான். 2005-லிருந்து 2020-க்குள் இந்தியாவின் உமிழ்வுச் செறிவு 36 சதவிகிதம் குறைந்திருக்கிறது. மொத்தப் புகையோ கூடிக்கொண்டேதான் இருக்கிறது.

முன்கூட்டியே பாஸ்... ஆனால்?

50 சதவிகித இலக்கை, 5 ஆண்டுகளுக்கு முன்பே எட்டிவிட்டதாக 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. சூரியசக்தி, காற்றாலையுடன் நீர்மின், அணுமின் நிலையங்களும் சேர்ந்த கணக்கு இது. நிச்சயம் பெரிய சாதனைதான்.

ஆனால் `திறன்' வேறு, `உற்பத்தி' வேறு. சோலார் பேனல் இரவில் தூங்கும், காற்றாலை காற்றுக்குக் காத்திருக்கும். அதனால், நாம் உண்மையில் பயன்படுத்தும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது.

பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் எடுத்தால்தான் இது மாறும். பேட்டரிகள் ஒரு வழி. இன்னொரு வழி, கோவை மாவட்டம் காடம்பாறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்சாரம் உபரியாக இருக்கும்போது தண்ணீரை மேல் அணைக்கு பம்ப் செய்வார்கள். தேவைப்படும்போது கீழே திறந்துவிட்டு 400 மெகாவாட் வரை எடுக்கலாம். நீலகிரியின் குந்தாவிலும் 500 மெகாவாட்டுக்கு இதே போன்ற திட்டம் உருவாகிறது.

செலவு யாருடையது?

மொத்த கார்பன் உமிழ்வில் உலகில் இந்தியாவுக்கு மூன்றாவது இடம். ஆனால், தலைக்குக் கணக்கிட்டால் ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு சுமார் 2 டன், அமெரிக்கருக்கு சுமார் 14 டன். `முதலில் புகைவிட்டு வளர்ந்தவர்கள் பணம் தரட்டும்' என்று இந்தியா கேட்பது இதனால்தான். 2024-ல் பாகு மாநாட்டில், வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். `இது போதாது' என்று மேடையிலேயே எதிர்த்தது இந்தியா.

நம் வீட்டில்..?

சொந்த வீடு, மொட்டைமாடி இருந்தால் `பி.எம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. வாடகை வீடா? வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் வேலைகளை முடிந்தவரை பகலுக்கு மாற்றலாம். நாட்டின் கணக்கில் இவை சிறு துளிகள்தான். ஆனால் மாலை 7 மணிக்கு எரியும் நிலக்கரியில், நம் வீட்டு ஸ்விட்ச்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறதே!