சுவரில் ஈரம், நெஞ்சில் இளைப்பு: கவுன்சில் வீட்டில் வாழும் நோயாளர் அறிந்திருக்க வேண்டியவை

சுவாசநோய்ப் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று சிலருக்கு வியப்பைத் தருகிறது. “உங்கள் வீட்டில் ஈரக்கசிவோ கறுப்புப் பூஞ்சணமோ இருக்கிறதா?” என்பதே அக்கேள்வி. இருக்கிறது என்று சொல்வோரில் பலர், முன்பே தொலைபேசியில் முறையிட்டதாகவும் பயன் எதுவும் கிட்டவில்லை என்றும் கூறுகின்றனர். வேறு சிலர், முறையிட்டால் இருக்கும் வீடும் பறிபோய்விடுமோ என்று அஞ்சி வாய்திறவாது இருக்கின்றனர். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய இலண்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வச்சம் உண்டு. கவுன்சில் வீட்டிலும் வீடமைப்புச் சங்கங்களின் வீட்டிலும் வாழ்வோருக்கு இங்கிலாந்தின் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை இக்கட்டுரையில் விளக்குகிறோம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் விதிகள் வேறு.

ஈரம் உடலுக்குச் செய்வது என்ன?

ஈரமான சுவரில் வளரும் பூஞ்சணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்வித்துகளைக் காற்றில் பரப்புகிறது. அவற்றைத் தொடர்ந்து சுவாசிப்போருக்கு இருமலும் மூக்கடைப்பும் உண்டாகலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு இளைப்பு மிகலாம். கைக்குழந்தைகள், முதியோர், நாட்பட்ட நுரையீரல் நோயுடையோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் உட்கொள்ளும் மருந்துகளாலோ எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குப் பூஞ்சணம் நுரையீரலில் கடுந்தொற்றையே ஏற்படுத்தக்கூடும். நாங்கள் மருந்தின் அளவை எவ்வளவு கூட்டினாலும், நோயாளர் இரவுதோறும் அதே அறையில் உறங்கும்வரை முழுப்பயன் கிட்டுவதில்லை.

ரொச்டேலில் நடந்தது

இன்றைய சட்டத்தின் பின்னே ஒரு குழந்தையின் இறப்பு இருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ரொச்டேல் நகரில், ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் அடுக்குமாடி வீட்டில் வாழ்ந்த அவாப் இசாக் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, 2020 டிசம்பரில் உயிரிழந்தது. வீட்டில் இருந்த பூஞ்சணத்துக்கு நெடுநாள் ஆட்பட்டதால் விளைந்த சுவாசநோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. குழந்தையின் தந்தை 2017இலேயே பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டிருந்தார். அதன்மேல் வர்ணம் பூசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 2020 ஜூலையில் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் கவலை தெரிவித்திருந்தார். அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டது தவறு என அந்நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது.

இச்செய்தி நம் வாசகர் பலருக்குப் பழகிய ஒன்றாகத் தோன்றலாம். “சமைக்கும்போது ஆவி எழுகிறது, துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள், ஜன்னலைத் திறப்பதில்லை” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியோர் பலர். சமைப்பதும் குளிப்பதும் துவைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. ஈரத்துக்காகக் குடியிருப்போரைப் பழிக்கலாகாது என்பதை 2023இல் வெளிவந்த அரசின் வழிகாட்டி தெளிவாகவே கூறுகிறது. மருத்துவச் சான்று வரும்வரை சீரமைப்பைத் தள்ளிப்போடுவதும் அவ்வழிகாட்டிக்கு முரணானது.

சட்டம் விதித்துள்ள கெடு

அக்குழந்தையின் பெயரால் ‘அவாப் சட்டம்’ என வழங்கும் விதிகள், 2023ஆம் ஆண்டின் சமூக வீடமைப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருந்து பிறந்தவை. அவற்றின் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி:

• உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து விளைவிக்கும் கோளாறாயின், 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து பாதுகாப்புச் செய்ய வேண்டும்.
• குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய ஈரமும் பூஞ்சணமும் பற்றி அறிந்தால், 10 வேலைநாள்களுக்குள் ஆராய வேண்டும்.
• ஆய்வு முடிந்து 3 வேலைநாள்களுக்குள் அதன் முடிவை எழுத்தில் தர வேண்டும்.
• ஆபத்து உறுதியானால், ஆய்வு முடிந்து 5 வேலைநாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். மீண்டும் ஈரம் வாராதிருக்கச் செய்யும் பெரிய வேலைகளை அதற்குள் தொடங்க இயலாவிடின் 12 வாரங்களுக்குள் தொடங்க வேண்டும்.
• குறித்த காலத்துக்குள் பாதுகாப்புச் செய்ய முடியாவிடின், தகுந்த மாற்று இருப்பிடம் அளிக்க முன்வர வேண்டும்.

வீட்டின் உரிமையாளராகிய நிறுவனம் கோளாறை அறிந்த நாளிலிருந்தே இக்கெடு தொடங்குகிறது. ஆகவே அந்த நாளை மெய்ப்பிக்க ஓர் எழுத்துச் சான்று தங்கள் கையில் இருத்தல் இன்றியமையாதது. மேலும், வீட்டில் வாழ்வோரின் வயதையும் நோயையும் கருத்திற்கொண்டே ஆபத்தின் அளவு கணிக்கப்படுகிறது. ஆரோக்கியமான இளைஞருக்குச் சிறு தொல்லையாக இருப்பது, ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் பேராபத்தாக இருக்கலாம். இந்நோய்விவரத்தை உரிமையாளர் அறியும்படி செய்வதே நோயாளரும் நாங்களும் சேர்ந்து ஆற்ற வேண்டிய பணி.

யார் யாரைக் கண்காணிக்கின்றனர்?

கவுன்சிலுக்கு இங்கே இரண்டு முகங்கள் உண்டு. தன் சொந்த வீடுகளுக்கு அது உரிமையாளர். வீடமைப்புச் சங்கங்களின் வீடுகளுக்கும் தனியார் வாடகை வீடுகளுக்கும் அது மேற்பார்வையாளர். 2004ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்படி, கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் இவ்வீடுகளைச் சோதித்துக் கடும் ஆபத்து இருப்பதாகக் கண்டால், நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமையாகும்.

ஆனால் கவுன்சில் தனக்கெதிராகத் தானே அமலாக்க அறிவித்தல் விடுக்க முடியாது. ஆதலால் கவுன்சில் வீட்டில் வாழ்வோர் அதன் முறைப்பாட்டுப் பிரிவை நாட வேண்டும். முறைப்பாடு பெற்றதை 5 வேலைநாள்களுக்குள் ஒப்புக்கொண்டு, அதன்பின் 10 வேலைநாள்களுக்குள் முதற்கட்டப் பதில் தருவது விதி. பதில் நிறைவளிக்காவிடின் இரண்டாம் கட்டத்துக்குச் செல்லலாம். அதையும் 5 வேலைநாள்களுக்குள் ஒப்புக்கொண்டு, அதன்பின் 20 வேலைநாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். அதிலும் தீர்வு இல்லையெனில், வீடமைப்புக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீடமைப்புச் சங்கங்களின் குடியிருப்பாளருக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. சமூக வீடமைப்பு ஒழுங்குமுறை ஆணையம் தனியொருவரின் வழக்கைத் தீர்ப்பதில்லை. எனினும் 2024 ஏப்ரல் முதல், 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளை உடைய கவுன்சில்களையும் சங்கங்களையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்யும் முறையை நடத்திவருகிறது.

நோயாளர் கோரக்கூடிய பிற உதவிகள்

நோயாலோ இயலாமையாலோ அன்றாடப் பணிகளில் இடர்ப்படுவோரின் தேவைகளை மதிப்பிடுவது, 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. அவரைப் பராமரிக்கும் மனைவியோ மகனோ தமக்கென்று தனி மதிப்பீட்டையும் கோரலாம். படியேற இயலாதவருக்குக் கைப்பிடி, சாய்தளம், கீழ்த்தளக் குளியலறை முதலிய மாற்றங்கள் தேவைப்பட்டால், தகுதியுடையோருக்கு இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை உதவித்தொகை உண்டு. மருத்துவக் காரணத்தால் வேறு வீடு தேவைப்படுவோருக்கு, வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை அளிக்கவும் சட்டம் இடந்தருகிறது.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோர் வீடின்றி இருந்தாலோ, விரைவில் வீடிழக்கும் நிலையில் இருந்தாலோ, அவரது இசைவுடன் கவுன்சிலுக்கு அறிவிக்கும் கடமை 2018 அக்டோபர் முதல் மருத்துவமனைகளுக்கு உண்டு. எனவே வீடு திரும்பும் நாள்வரை காத்திராமல், சேர்க்கப்பட்ட நாளிலேயே எங்களிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

• முறைப்பாட்டை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் நாள், நேரம், பதிவெண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.
• ஈரம் படர்ந்த இடங்களைத் தேதியுடன் படமெடுங்கள். பழுதடைந்த உடைமைகளையும் படமெடுத்துவையுங்கள்.
• வீட்டில் உள்ள நோயாளரின் நோயையும் குழந்தைகளின் வயதையும் முறைப்பாட்டிலேயே எழுதுங்கள்.
• சோதிக்க வருவோரை உள்ளே அனுமதியுங்கள். வாராதிருந்தால் அதையும் எழுதிவையுங்கள்.
• வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிலுவை சேர்ந்தால் அதுவே வீட்டை இழக்கக் காரணமாகலாம்.
• பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்காமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

நிலையான கவுன்சில் குடியுரிமை பெற்றவரை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது. சுவரில் ஈரம் இருப்பதாக முறையிடுவது அத்தகைய ஆணைக்குரிய காரணமும் ஆகாது. ஆகவே அச்சம் வேண்டாம். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது மருந்துப் பட்டியலோடு வீட்டுச் சுவரின் படத்தையும் கொண்டுவாருங்கள். அதை மருத்துவக் குறிப்பில் பதிந்து, தங்கள் இசைவுடன் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுமாறு எங்களைக் கேளுங்கள். அதுவும் தங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.