எரிந்துபோன ஓவியமும் பிழைத்துக்கொண்ட காகிதமும்!

தெரியுமா? 1800-இல் லண்டன் லைசியம் அரங்கில் ஒரு போர் ஓவியத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. நீளம் மட்டும் 120 அடி! முந்தைய ஆண்டு மே 4 அன்று திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த காட்சி அது. வரைந்த ராபர்ட் கெர் போர்ட்டருக்கு இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது. ஆறே வாரத்தில் முடித்தாராம். அப்போது அவர் இந்திய மண்ணை மிதித்ததுகூட இல்லை!

அந்த ஓவியம் இன்று இல்லை, பிறகு தீக்கிரையாகிவிட்டது. ஆனால் வெண்ட்ராமினி என்ற இத்தாலியர் அதை மூன்று அச்சுப்படங்களாகச் செதுக்கி வைத்திருந்தார். பழம்படச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைவது அவற்றைத்தான். அருகருகே வைத்தால் போர்க்களம் முழுதும் விரியும்! அன்று கோட்டையைத் தாக்கிய ஆங்கிலேயப் படையை நடத்திய டேவிட் பெயர்ட் யார் தெரியுமா? 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்ப் போரில் பிடிபட்டு, இதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை சிறையில் கிடந்தவர்! அந்தப் புள்ளலூர் வெற்றியைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்ட வைத்தார். அவர் வெற்றி சுவரில், அவர் வீழ்ச்சி லண்டன் காகிதத்தில்.

வெண்ட்ராமினி படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முகத்தின் நிழலெல்லாம் புள்ளி, புள்ளி! கையால் குத்தியவை, ஒன்றுபோல் இன்னொன்று இராது. இன்றைய அச்சகப் பிரதியில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும். குட்டு அங்கேயே உடைந்துவிடும்.

இப்படிப்பட்ட பழைய ஆங்கிலேயப் படங்களின் அடியில் இடப்பக்கம் ஓவியர் பெயர், வலப்பக்கம் செதுக்கியவர் பெயர், கூடவே வெளியிட்ட நாள். நாளைக் குறிப்பது, ஓவியர் ஹோகார்த் போராடிப் பெற்ற 1735-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வழக்கம். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் நீர்க்குறியாக ஓர் ஆண்டு தெரியும். அது வெளியீட்டு ஆண்டுக்கு ரொம்பப் பிந்தியதென்றால், படம் செதுக்கிய பழைய தகட்டில் பின்னாளில் எடுத்த பிரதி! சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை நறுக்கிவிடுகிறார்களே, நெஞ்சு பதறுகிறது. தகட்டின் விளிம்பு பதிந்த தடமும் அந்தப் பொடியெழுத்தும் போனால், படத்தின் பிறப்புச் சான்றே போயிற்று. விலையும் சரியும்.

படத்தின் அளவும் குட்டை உடைக்கும். சீனப் பேரரசர் சியென்லாங் செய்ததைக் கேளுங்கள்! தன் போர் வெற்றிகளை, பீஜிங்கிலிருந்த ஐரோப்பியப் பாதிரிமாரைக் கொண்டு 16 படங்களாக வரையவைத்து, செதுக்குவதற்குப் பாரிசுக்கு அனுப்பினார். கேட்டது 200 தொகுதி. தகடுகளும் பீஜிங்குக்கே வந்துசேர வேண்டும் என்பது கட்டளை. ஆனாலும் 1780-களில் எல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் அதே காட்சிகளைச் சிறிய அளவில் மறுபடி செதுக்கி விற்றுவிட்டார். ஆகவே சியென்லாங் படம் என்று யாராவது நீட்டினால், முதலில் அளவுகோலை எடுங்கள்!