கிராம சபையும் ஒரு மருந்துதான்!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மருந்து கொடுக்கிறோம், நிற்கிறது. பதினைந்தே நாளில் மறுபடியும் ஆரம்பிக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தைக்கும் அதே தொல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அதே தொல்லை. இப்படி ஒரே தெருவிலிருந்து அடுத்தடுத்து ஆட்கள் வந்தால், எந்த வைத்தியரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "உங்க தெருவுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது?"

மழைநீர், ஆற்றுநீர், கிணற்றுநீர் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் சொல்கிறது 'பதார்த்த குண சிந்தாமணி'. அவ்வளவு முக்கியம் தண்ணீர். வயிற்றுப்போக்குக்கு மாதுளம்பழத் தோல், சுண்டை வற்றல் என்று எங்களிடம் மருந்து உண்டு. ஆனால், சாக்கடையோரம் உடைந்து கிடக்கும் குடிநீர்க் குழாயை எந்தச் சூரணமும் அடைக்காது. அதற்கான மருந்து ஊர்ப் பொதுக்கூட்டத்தில் இருக்கிறது.

"நாங்கதான் கேன் தண்ணி வாங்கிடறோமே டாக்டர்!" என்கிறீர்களா? அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் எந்தத் தண்ணீரில்? உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் குடிப்பது எதை?

நீங்களும் உறுப்பினர்

1994-ம் வருடத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்திருக்கின்றன. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேராவது வர வேண்டும். 10,000-க்கு மேல் என்றால் 300 பேர். நாம் வீட்டில் டி.வி. பார்த்தால் அந்த எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைகிறார்!

நகரத்துக்காரர்களுக்கும் வழி உண்டு. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன.

என்ன கேட்க வேண்டும்?

1. மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதியில்?

2. குழாய் முனையில் வரும் நீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா? இதைப் பார்க்கச் சின்னப் பரிசோதனைப் பெட்டி உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்காவது பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார்?

3. ஃபுளோரைடு எவ்வளவு? 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை படியும். நாளாவட்டத்தில் எலும்பும் பாதிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அவசியம் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது.

4. குளம் எப்போது தூர் வாரப்படும்? பள்ளி, அலுவலகக் கூரைகளின் மழைநீர் எங்கே போகிறது? நிலத்தடி நீர் வற்றினால் நம் பேரப்பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்?

எப்படிக் கேட்க வேண்டும்?

தனியாகப் போனால் கூச்சம் வரும். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போங்கள். பிரச்னையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "பாத்துக்கலாம்மா" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்; தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி, 'போன தீர்மானம் என்னாச்சு?' என்பதாக இருக்கட்டும். சண்டை வேண்டாம், விடாப்பிடி போதும்.

நம் பங்கும் உண்டு. வீட்டு டிரம்மை வாரம் ஒருமுறை தேய்த்துக் காய வையுங்கள்; கொசு முட்டைகள் அழியும். மட்கும் குப்பை, மட்காத குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்.

குழாய் சரியாகும் வரை நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு (தலை தட்டி) கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து கண் உள்வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடுத்த கூட்டத் தேதியைக் காலண்டரில் இன்றைக்கே வட்டம் போட்டு வைப்பீர்கள்தானே?