பெரிய டயர் போடுமுன் ஒரு கணக்கு

தராசில் பத்துக் கிராம் குறைந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் சரக்கு ஏற்றும் வண்டியின் சக்கரத்தைப் பெரிதாக்கினால் எந்தெந்தக் கணக்கு மாறும் என்று நம்மில் பலர் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்தவன்தான். அதனால் ஒரு நல்ல டிரைவர் மீது திருட்டுப் பழி போட்டேன். அந்தத் தவறு மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக் கடைகளுக்கு ஜீப்பில் மளிகைச் சரக்கு அனுப்பி வந்தோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் ஏறிய பிறகும் உள்ளே இருக்கும் ஊர்களுக்கு அன்று மண் பாதைதான். 1996 மழைக்காலத்தில் பாதையின் நடுமேட்டில் ஆக்சில் கூடு இடித்துக்கொண்டு வண்டி அடிக்கடி நின்றது. 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மும் மாற்றி, 7.50-16 டயர் போட்டோம். கூடு ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. சேற்றிலும் வண்டி நன்றாகப் போனது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

இரண்டு மாதத்தில் மகிழ்ச்சி போய்விட்டது. இரண்டாவது கியரில் ஏறிய மேட்டை முதல் கியரில்தான் ஏற முடிந்தது. கிளட்ச் பிளேட் கருகியது. அதற்கான பணத்தை டிரைவர் சம்பளத்தில் பிடித்தேன். டீசல் கணக்கிலும் துண்டு விழுந்தது. லிட்டருக்குக் கிடைத்துவந்த கிலோமீட்டர் வெகுவாகக் குறைந்திருந்தது. டீசலை விற்கிறான் என்று நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

அவர் பதிலுக்குப் பேசவில்லை. ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தார். டயரிலும் தரையிலும் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டித் தூரத்தை அளந்தார். 100 அங்குலம். மூலையில் கிடந்த பழைய டயரையும் அப்படியே உருட்டினார். 90 அங்குலம். "முதலாளி, வண்டி இப்ப பெரிய அடி வச்சு நடக்குதுங்க. மீட்டருக்கு அது தெரியாதுங்க" என்றார்.

உண்மை அதுதான். அந்த ஜீப்பில் மீட்டர் கம்பி டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வருகிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் அது எண்ணும். வண்டி 1000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 900 என்று காட்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 45 என்று காட்டும். நடை அதேதான், கிலோமீட்டர் மட்டும் எப்படிக் குறைந்தது என்று பேரேட்டைப் பார்த்திருந்தாலே எனக்குப் புரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பல் கணக்கு

டிபரன்ஷியலுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சிறிய பல்சக்கரமும் உள்ளன. கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் ரேஷியோ வரும். எங்கள் வண்டியில் கிரவுன் 39, பினியன் 8. அதாவது 4.88. ஜாயின்ட் ஷாஃப்ட் 4.88 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும். சக்கரம் பெரிதானால் அந்த ஒரு சுற்றுக்கு எஞ்சின் அதிகம் இழுக்க வேண்டும். இழுவை குறைவதும் கிளட்ச் கருகுவதும் அதனால்தான்.

கணக்கு எளிது. பழைய ரேஷியோவைப் புதிய டயரின் சுற்றளவால் பெருக்கி, பழைய டயரின் சுற்றளவால் வகுக்க வேண்டும். 4.88 × 100 ÷ 90 = 5.42. இதற்கு அருகில் கிடைக்கும் செட் 43-க்கு 8, அதாவது 5.38. அதைப் போட்டால் இழுவை ஏறக்குறையப் பழைய நிலைக்கு வரும். எங்கள் ஜீப்பு போன்ற வண்டியில் மீட்டரும் கிட்டத்தட்டச் சரியாகிவிடும். சக்கரத்திலேயே வேகத்தை அளக்கும் புதிய வண்டிகளில் பல் மாற்றினாலும் மீட்டர் திருந்தாது. அதைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

வண்டியில் என்ன ரேஷியோ இருக்கிறது என்று தெரியாவிட்டால், கியரை நியூட்ரலில் வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். ஷாஃப்டைப் பிடிக்கும் கை பிரேக் இருந்தால் அதைத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் அது இரு சக்கரமும் 10 சுற்று சுற்றியதற்குச் சமம். ஷாஃப்ட் ஏறக்குறைய 49 சுற்று வந்தால் 4.88, 54 சுற்று வந்தால் 5.38. டயரின் சுற்றளவு நூற்றுக்கு மூன்று நான்குதான் கூடுகிறது என்றால் பல்லுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போட்டால் ஊளையிடும், சீக்கிரம் பல் உடையும். பேரிங், ஆயில் சீல், பினியன் நட்டு மூன்றையும் கூடவே புதிதாக மாற்றுவது நல்லது.

பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடு வைத்துச் சரிசெய்வார்கள். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். இரு பல்லுக்கும் இடையிலுள்ள ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இந்த மாதிரி ஆக்சிலுக்கு அது சுமார் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கம்பெனி புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

முதல் நாள் சரக்கில்லாமல் கால் மணி நேரம் ஓட்டி, கூடு ஆறும்வரை நிறுத்திவையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். முதல் 800 கிலோமீட்டருக்கு முழு பாரம் ஏற்றாதீர்கள். பிறகு கியர் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் பல்லை மாற்ற வேண்டும். செலவு மிச்சம் என்று பின்னால் மட்டும் மாற்றினால் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடன் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும்.

இறக்கம்தான் முக்கியம்

ஏற்றத்தில் வண்டி நின்றால் நடை கெடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காவிட்டால் உயிர் போகும். பெரிய டயர் போட்டால் எஞ்சின் பிடிப்பும் குறைகிறது, பிரேக் பிடிப்பும் குறைகிறது. எங்கள் டிரைவர் ஒருநாள் காலிச் சாக்குகளோடு இறங்கும்போது, ஒரு வளைவில் பிரேக் புகைந்து பிடிக்காமல் போனது. வண்டியை மலைப் பக்கச் சரிவில் உரசி நிறுத்தினார். அவரும் கிளீனரும் சிராய்ப்போடு தப்பினார்கள். மறுபக்கம் பள்ளம். பழி சுமத்திய முதலாளியின் வண்டியை அவர் இப்படித்தான் காப்பாற்றினார்.

பல்லை மாற்றினால் எஞ்சின் பிடிப்பு திரும்ப வரும். பிரேக் டிரம் மட்டும் அதே பழைய டிரம்தான். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய விதியை விடக்கூடாது. பல் மாற்றியதால் அனுமதித்த பாரமும் கூடிவிடாது. 500 கிலோ வண்டி என்றால் 25 கிலோ சிப்பம் இருபதுதான்.

இன்னொன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. டயர் அளவை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால், பழைய அளவிலேயே சேற்றுக்கு ஏற்ற ஆழமான பட்டன் டயர் போட்டாலே பெரும்பாலும் போதும்.

நாங்கள் இரண்டு ஆக்சிலிலும் 5.38 செட் பூட்டினோம். அடுத்த மாதம் டீசல் கணக்கு நேரானது. கிளட்ச் பிளேட்டுக்குப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பழி சொன்ன அதே நான்கு பேர் முன்னால்தான் கொடுத்தேன். அவர் பணத்தை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் நடைக்குச் சரக்கு ஏற்றப் போனார்.