விடை கேட்பதா, வழி கேட்பதா?

"என் மகன் நான்காம் படிவம். வீட்டுக் கணக்கையெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறான். இதுவும் படிப்புதானா?" எங்கள் கலந்துரையாடலில் ஒரு தாயார் கேட்ட கேள்வி இது.

துருக்கியில் 2023ஆம் ஆண்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் சாட்ஜிபிடி போன்ற கருவியோடு கணக்குப் போட்டார்கள். பயிற்சியில் மதிப்பெண் 48 விழுக்காடு கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோதோ, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். பலரும் கருவியிடம் விடையை மட்டுமே கேட்டிருந்தார்கள்.

இன்னொரு பிரிவினரின் கருவி விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தந்தது. பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேற்றம். தேர்வில் அவர்கள் மற்றவர்களை முந்தவில்லை. ஆனால் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போனது.

ஆகவே அம்மா, கருவியைப் பிடுங்க வேண்டாம். "விடை வேண்டாம், அடுத்த படியை மட்டும் காட்டு, என் தவறு எங்கே?" என்று கேட்கப் பழக்குங்கள். பிறகு அதேபோன்ற இன்னொரு கணக்கைத் தாளில் தானே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசி போகாது. உங்கள் மகன்தான் போக வேண்டும்.